கடல் கடந்த தொண்டும் மாணவர் கடமையும்

பண்டைய குருகுலத்தில் கல்வியை முடித்து இல்லம் திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் கூறும் அறிவுரை, தைத்திரீய உபநிஷதத்தின் சிக்ஷாவல்லியில் இடம்பெற்றுள்ளது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் பட்டமளிப்பு விழாவில் இன்றும் அது ஓதப்படுவதுண்டு. வாய்மை, அறம், தாய் தந்தையரையும் குருவையும் விருந்தினரையும் தெய்வமாகப் போற்றுதல் என்று விரிந்து செல்லும் அப்பகுதியில், பிறருக்குக் கொடுப்பதைப் பற்றி ஆசாரியர் சற்று நின்று பேசுகிறார். கொடுக்கச் சொல்வதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கொடுக்கும் முறையையும் வகுக்கிறார். சிரத்தை, நிறைவு, நாணம், அச்சம், நல்லறிவு ஆகிய ஐந்தும் கொடையோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவரது கருத்து. சிரத்தை இல்லாதவன் கொடுக்கவே வேண்டாம் என்று தடுக்கவும் செய்கிறார்.

இந்த ஐந்தில் இரண்டு நமக்கு வியப்பைத் தருகின்றன. வாங்குபவர் நாணுவதை உலகம் கண்டிருக்கிறது. கொடுப்பவர் ஏன் நாண வேண்டும்? வாங்குபவர் அஞ்சுவதும் இயல்பு. கொடுப்பவருக்கு எதற்கு அச்சம்? உபநிஷதம் இவ்விரண்டையும் கொடுப்பவன் தலையில் சுமத்துகிறது. அதற்குத் தகுந்த காரணம் உண்டு என்பதை இன்றைய மாணவர் சேவையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இன்று ஆண்டுதோறும் எண்ணற்ற மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் கடல் கடந்து தொண்டு செய்யச் செல்கின்றனர். மேலை நாட்டு மாணவர்கள் ஆப்பிரிக்காவுக்கும் நேபாளத்துக்கும் கம்போடியாவுக்கும் இந்தியாவுக்கும் வருகின்றனர். இந்திய நகரங்களின் மாணவர்களும் இப்போது அவ்வாறே வெளிநாடு செல்லத் தொடங்கியுள்ளனர். பள்ளிச் சுவருக்கு வண்ணம் தீட்டுகின்றனர், கிணறு தோண்டுகின்றனர், குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கின்றனர். இரண்டு வாரமோ ஒரு மாதமோ கழிந்ததும் நிறைந்த மனத்தோடு ஊர் திரும்புகின்றனர். அவர்களது நல்லெண்ணத்தில் ஐயம் இல்லை. ஆனால் அவர்கள் விட்டுவந்த ஊருக்குக் கிடைத்தது என்ன? அவர்களது உள்ளத்தில் விளைந்தது என்ன? இந்த இரு கேள்விகளுக்கும் விடை தேட அந்த ஐந்து நிபந்தனைகளே போதும்.

சிரத்தை: புறப்படுவதற்கு முன்னரே தொடங்கும் தொண்டு

சிரத்தை என்ற சொல்லை நம்பிக்கை என்று மட்டும் பெயர்த்தால் அதன் முழுப்பொருள் கிடைப்பதில்லை. யாருக்குச் செய்கிறோமோ அவரிடம் மதிப்பு, செய்யும் பணியில் உறுதி, அதற்காகத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் உழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே சிரத்தை.

இங்கிலாந்தில் ஆசிரியையாகப் பணியாற்றிய மார்கரெட் நோபிள் இந்தியாவுக்கு வந்து தொண்டு செய்ய விரும்பினார். 1897 ஜூலை மாத இறுதியில் அல்மோராவிலிருந்து சுவாமி விவேகானந்தர் அவருக்கு எழுதிய கடிதம், வெளிநாட்டுத் தொண்டரை வரவேற்கும் கடிதங்களுக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்குகிறது. இந்தியாவின் பணியில் அவருக்குப் பெரிய எதிர்காலம் உண்டு என்று சுவாமிஜி ஊக்கமளித்தார். அதே கடிதத்தில், இங்குள்ள வறுமையையும் மூடநம்பிக்கையையும் கடும் வெப்பத்தையும் ஒளிவு மறைவின்றி எடுத்துரைத்தார். இந்தியர்கள் வெள்ளையரைக் கண்டு விலகுவர், வெள்ளையரோ அவரைப் பித்துப் பிடித்தவராகக் கருதுவர் என்றும் எச்சரித்தார். இத்தனையும் அறிந்த பின்னும் வரத் துணிந்தால் வரவேற்பு உண்டு என்றார். அவர் இந்தியாவுக்காக உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் தமது துணை என்றும் உண்டு என்று உறுதி கூறினார்.

இக்கடிதத்தில் இரு உண்மைகள் அடங்கியுள்ளன. தொண்டரை அழைப்பவர் கடமை, இனிப்பான படத்தைக் காட்டாமல் உள்ளதை உள்ளபடி கூறுவது. தொண்டரை அவரது வேலைக்காக மட்டும் மதியாமல் மனிதராகவே ஏற்பது அடுத்த கடமை. இன்று மாணவர்களை அனுப்பும் அமைப்புகளும் வரவேற்கும் ஆசிரமங்களும் இக்கடிதத்தைத் தமக்கு எழுதப்பட்டதாகவே எண்ணிப் படிக்கலாம்.

1898 ஜனவரி 28 அன்று கல்கத்தாவில் வந்திறங்கிய மார்கரெட், அதே ஆண்டு மார்ச்சில் பிரம்மசரிய விரதம் ஏற்று நிவேதிதை ஆனார். உடனே பெரும் பணி எதுவும் அவரிடம் ஒப்படைக்கப்படவில்லை. அல்மோராவில் தங்கியிருந்த நாட்களில் அவரது ஆங்கிலேயப் பெருமிதங்களைச் சுவாமிஜி ஒவ்வொன்றாக அசைத்தார். அது எத்துணை வேதனையாக இருந்தது என்பதை நிவேதிதையே பின்னர் எழுதியுள்ளார். இந்தியாவை நேசிப்பதற்கு முன், தம் நாட்டின் அளவுகோலால் இந்தியாவை அளக்கும் பழக்கத்தை அவர் விட வேண்டியிருந்தது. பிறகு பாக்பஜாரின் சந்து ஒன்றில், அன்னை ஸ்ரீசாரதா தேவியாரின் அருள் நிழலில், அவ்வூர்ப் பெண்களிடையே வாழக் கற்றார். அந்த ஆண்டு நவம்பரில் சிறுமியருக்காக ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார்.

1899 மார்ச்சில் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது நிவேதிதை வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ராமகிருஷ்ண மிஷன் மேற்கொண்ட நிவாரணப் பணியில் சுவாமி சதானந்தரோடு அவர் முன்னின்றார். தெருவைக் கூட்ட ஆள் இல்லாத இடத்தில் தாமே துடைப்பத்தை எடுத்தார். அதைக் கண்டு நாணிய இளைஞர்கள் தாங்களும் வந்து சேர்ந்தனர். பிளேக் தாக்கிய ஒரு குழந்தையைச் சேரிக் குடிசையில் அவர் மடியில் ஏந்திப் பேணியதை டாக்டர் ராதா கோவிந்த கர் தமது நினைவுகளில் பதிவு செய்துள்ளார். அந்த ஏப்ரலில் 'பிளேக் நோயும் மாணவர் கடமையும்' என்பது பற்றி நிவேதிதை பேசினார். சுவாமிஜி அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். மாணவர் சிலர் உடனே தொண்டராகப் பெயர் கொடுத்தனர்.

நோய் மிகுந்த அந்தச் சந்துகளில் ஒரு வெளிநாட்டுப் பெண் நுழையும்போது கதவுகள் திறந்தன. பதினான்கு மாதப் பழக்கமே அதற்குக் காரணம். இன்று புறப்படும் மாணவர் அத்தனை காலம் செலவிட இயலாமல் போகலாம். எனினும் செல்லவிருக்கும் நாட்டின் வரலாற்றைப் படிக்கலாம், உணவுப் பழக்கத்தையும் வழிபாட்டையும் அறியலாம். தண்ணீர் கேட்கவும், நன்றி சொல்லவும், மன்னிப்புக் கோரவும் தேவையான சொற்களை அவர்களது மொழியிலேயே கற்கலாம். விமான நிலையத்தில் தரப்படும் ஒரு மணி நேர விளக்கத்தைச் சிரத்தை என்று சொல்ல முடியாது.

நிறைவு: உள்ளதை அறிந்து கொடுத்தல்

இரண்டாவது நிபந்தனை, தன் செல்வத்துக்கு ஏற்பக் கொடுப்பது. மாணவரின் செல்வம் எது என்பதை அவரே நேர்மையாகக் கணக்கிட வேண்டும். பொறியியல் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவர் இன்னும் பொறியாளர் ஆகவில்லை. மருத்துவ மாணவர் இன்னும் மருத்துவர் ஆகவில்லை. தம் நாட்டில் செய்ய அனுமதி இல்லாத சிகிச்சையை, கேட்பாரற்ற ஒரு ஏழை நாட்டு நோயாளியின் உடலில் செய்து பழகுவது தொண்டு ஆகாது. தன்னிடம் இல்லாததைக் கொடுப்பதாகக் காட்டுவது வாய்மைக்கும் புறம்பானது.

அவ்வாறாயின் மாணவரிடம் இருப்பது என்ன? உடல் வலிமை உண்டு. கற்கும் ஆர்வம் உண்டு. ஊராருடன் சேர்ந்து வியர்வை சிந்தும் மனம் உண்டு. இவற்றின் மதிப்பை உணர்ந்து வாழ்ந்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல். அவரது தந்தை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். செரசோல் பொறியியல் கற்றவர். முதல் உலகப்போர் முடிந்த பின் 1920-இல், போரில் அழிந்த எஸ்னே என்ற பிரெஞ்சுக் கிராமத்தை மீண்டும் கட்ட அவர் ஒரு சிறு குழுவைத் திரட்டினார். பிரான்சின் பகை நாடான ஜெர்மனியைச் சேர்ந்தவர்களும் அக்குழுவில் இருந்தனர். வெர்தன் போர்க்களத்துக்கு அருகே உள்ள அந்த மண்ணில் ஜெர்மானியர் கையில் மண்வெட்டியைக் காண எல்லோருக்கும் மனம் ஒப்பவில்லை. எதிர்ப்பு எழுந்தது, சில மாதங்களில் குழு விலகிச் சென்றது. செரசோல் மனம் தளரவில்லை. சர்வதேச குடிமைத் தொண்டு இயக்கம் அந்த முயற்சியிலிருந்தே வளர்ந்தது.

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ராஜேந்திர பிரசாத் நிவாரணப் பணிக்குத் தலைமை ஏற்றிருந்தார். செரசோல் தாமே கப்பலேறி வந்தார். முதலில் பார்த்தறிந்தார், பேசினார், கேட்டறிந்தார். பின்னரே நண்பர்கள் சிலரோடு திரும்பிவந்து பணியைத் தொடங்கினார். வடபீகாரில் வெள்ளம் சூழும் தாழ்நிலத்தில் இருந்த குடியிருப்புகளை மேட்டுநிலத்துக்கு மாற்றிக் கட்டும் வேலையில், ஊராரோடு சேர்ந்து அவர்கள் மண் சுமந்தனர். ஐம்பதைக் கடந்த ஒரு பொறியாளர், ஆளப்படும் நாட்டின் ஏழை உழவரோடு கூடை சுமந்தது, வெள்ளையரைத் துரைமார்களாக மட்டுமே கண்டிருந்த மக்களுக்குப் புதுமையாக இருந்தது. 1937 வரை அந்தப் பணி நடந்தது. பெரும் பொருளைக் கொண்டுவந்து கொட்டாமல், தம்மிடம் உள்ள உழைப்பை முழுமையாகக் கொடுத்ததே அவர்களது நிறைவு.

நாணம்: தத்தெடுப்பவர் யார்?

கொடுக்கும்போது நாணம் வேண்டும். தான் கொடுப்பது மிகச் சிறிது என்ற உணர்விலிருந்தும், பெற்றுக்கொண்டது மிகப் பெரிது என்ற உணர்விலிருந்தும் பிறப்பது அந்த நாணம்.

கிராமத்துக்கு வரும் மாணவரை முதலில் யார் காப்பாற்றுகிறார்? ஒரு வீட்டுத் திண்ணை அவருக்கு இடம் தருகிறது. தன் குழந்தைகளுக்கு எடுத்து வைத்த பாலை ஒரு தாய் அவருக்குக் காய்ச்சித் தருகிறாள். அவரது தவறான உச்சரிப்பைப் பொறுத்து, ஒரு முதியவர் பொறுமையாகத் திருத்துகிறார். தொண்டு செய்ய வந்தவர், வந்த நாளிலிருந்தே தொண்டைப் பெற்றுக்கொண்டிருக்கிறார். நம் மரபு மனிதப் பிறவியையே கடன்பட்ட பிறவி என்று கூறுகிறது. தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் மனிதர்க்கும் பட்ட கடனைத் திருப்புவதே யக்ஞம். பெற்றதைத் திருப்பித் தராமல் உண்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் திருடன் என்றே சுட்டுகிறது. இந்த நோக்கில் மாணவர் செய்யும் சேவை தானம் அன்று. கடனில் ஒரு தவணை.

நம் கல்லூரிகளில் 'தத்தெடுத்த கிராமம்' என்று ஒரு வழக்கு உண்டு. பல நூறு ஆண்டுகளாகத் தன் ஏரியைத் தானே தூர்வாரி, தன் கோயிலைத் தானே பேணி, தன் பிள்ளைகளைத் தானே வளர்த்த ஓர் ஊரை, பத்தொன்பது வயது மாணவர்கள் தத்தெடுக்கின்றனர். ஊர் என்ன அனாதையா? அந்த ஊர் தங்களைத் தத்தெடுத்துக்கொள்ளுமாறு மாணவர்கள் வேண்டி நிற்பதே பொருத்தமாகும்.

1922 பிப்ரவரி 6 அன்று வங்காளத்தின் சுருல் கிராமத்தில் கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. பின்னாளில் ஸ்ரீநிகேதன் என்று பெயர்பெற்றது அதுவே. ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பை ஏற்று அதைத் தொடங்கி நடத்தியவர் லியோனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய இளைஞர். தாகூர் அவரைச் சந்தித்தபோது அவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயிலும் மாணவர். சாந்திநிகேதனின் சில மாணவர்களோடு சுருலுக்குக் குடியேறிய அவர், முதல் பாடமாக எடுத்துக்கொண்டது கிராமத்தாரின் குறைகளை அன்று. தங்கள் சொந்தக் கழிவை அகற்றுவதையே. குழி தோண்டுவதும், கழிவை மண்ணில் புதைத்து உரமாக்குவதும் மாணவர்களின் முறைவேலை ஆயிற்று. சாதிப் பெருமையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எளிதாக இல்லை. தன் கழிவைத் தொட நாணுபவன் பிறர்க்குத் தூய்மையைப் போதிக்க முடியாது என்பதை அவர்கள் கைகளாலேயே கற்றனர்.

அடுத்து, சுற்றியுள்ள ஊர்களின் சிறுவர்களையே அவர்கள் சேவைக் குழுக்களாகத் திரட்டினர். தீ அணைப்பதும், கொசுக்கள் பெருகும் குட்டைகளைக் கவனிப்பதும், மலேரியாவைத் தடுப்பதும் அந்தக் கிராமச் சிறுவர்களின் பணியாயின. எல்ம்ஹர்ஸ்ட் சில ஆண்டுகளே அங்கிருந்தார். பொறுப்பு இந்தியர் கைக்கு மாறியது. அவர் விலகியதால் பணி நின்றுவிடவில்லை. தன் பெயரைச் சுவரில் பொறித்துவிட்டுச் செல்பவரைவிட, தான் தேவைப்படாத நிலையை உருவாக்கிவிட்டுச் செல்பவரே நாணம் அறிந்த தொண்டர்.

இக்காலத்தில் நாணத்துக்கு மற்றொரு சோதனையும் உண்டு. தொண்டு செய்யும் ஒவ்வொரு கணத்தையும் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டும் ஆசையே அது. கிழிந்த ஆடையில் நிற்கும் பிறர் குழந்தையை அணைத்தபடி எடுக்கும் படத்தை, தம் நாட்டில் முன்பின் அறியாத ஒருவரது குழந்தையோடு அம்மாணவர் எடுப்பாரா? பெற்றோரின் அனுமதி கேட்காமல் வெளியிடுவாரா? தம் நாட்டில் தகாதது என்றால், ஏழை நாட்டிலும் அது தகாததே. பதில் உதவியையோ பலனையோ எதிர்பார்த்துக் கொடுக்கும் கொடையைக் கீதை ராஜசம் என்று வகைப்படுத்துகிறது. பாராட்டுக்காகக் கொடுப்பதும் ஒரு வகை வியாபாரமே.

அச்சம்: நன்மை செய்யப்போய்த் தீமை விளைதல்

ஐந்தில் மாணவர் சேவைக்கு மிகவும் தேவையானதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அச்சமே. கோழையின் அச்சத்தை இங்கு உபநிஷதம் சொல்லவில்லை. தெய்வத்தின் முன்னிலையில் நிற்பவனுக்கு, தன் கை தவறிவிடக் கூடாதே என்று எழும் பொறுப்புணர்வே இந்த அச்சம்.

நல்லெண்ணம் மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதற்குச் சான்றுகள் பல. தென்னாப்பிரிக்காவில் குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தோடு நீரேற்றும் பம்பை இணைத்து ஒரு கருவி செய்யப்பட்டது. குழந்தைகள் விளையாட, நீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். கேட்கவே இன்பமான திட்டம். 2006-இல் அமெரிக்காவில் அதற்குப் பெருநிதி அறிவிக்கப்பட்டு, ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் அது பரப்பப்பட்டது. சாதாரணக் கைப்பம்பைவிட அதன் விலை பன்மடங்கு அதிகம். குழந்தைகள் நாள் முழுதும் விளையாடுவதில்லை. ஆனால் குடும்பத்துக்கு நாள் முழுதும் நீர் தேவை. கடைசியில் பல ஊர்களில் வயது முதிர்ந்த பெண்கள் அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தனர். பழுதானால் சரிசெய்ய ஊரில் ஆள் இல்லை. 2010 அளவில் அத்திட்டத்தின் வேகம் அடங்கியது. நீர் சுமக்கும் பெண்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால், ஒரே மாலையில் கிடைத்திருக்கும் அறிவு அது.

அனாதை இல்லங்களின் கதை இதைவிடத் துயரமானது. நேபாளத்திலும் கம்போடியாவிலும் இத்தகைய இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிரோடு இருப்பதை ஆய்வுகள் வெளிப்படுத்தின. வறுமையைக் காட்டியும், நல்ல கல்வி கிடைக்கும் என்று ஆசை காட்டியும் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். கட்டணம் செலுத்தி வரும் வெளிநாட்டுத் தொண்டர்களின் பெருக்கம், சில இடங்களில் குழந்தைகளையே வருவாய்க்கு வழியாக மாற்றிவிட்டது. இல்லம் நேர்மையானதாகவே இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிய அண்ணனும் அக்காளும் வந்து அணைத்துக் கொஞ்சிவிட்டு மறைவது குழந்தைக்கு என்ன கற்பிக்கும்? அன்பு காட்டுபவர் அனைவரும் விட்டுப்போவர் என்பதையே கற்பிக்கும். கண்ணீரோடு விடைபெறும் மாணவர் அந்தப் பிரிவை ஒருமுறை அனுபவிக்கிறார். குழந்தையோ அதை ஆண்டு முழுதும் அனுபவிக்கிறது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, குழந்தை உரிமைகள் பற்றிய தனது தீர்மானத்தில், இத்தகைய தொண்டுப் பயணங்களால் விளையும் தீங்கைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. எந்தக் குழந்தையின் நலன் கருதிப் புறப்பட்டாரோ, அந்தக் குழந்தையை அதன் தாயிடமிருந்து பிரிக்கும் சங்கிலியில் தாமும் ஒரு கண்ணி ஆகிவிடக்கூடும் என்ற அச்சம் மாணவருக்கு இருக்க வேண்டும்.

இந்த அச்சத்தைக் கடுமையான சொற்களால் ஊட்டியவர் இவான் இல்லிச் என்ற பாதிரியார். 1968 ஏப்ரலில், மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யச் செல்லவிருந்த வட அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் அவர் உரையாற்றினார். பாராட்டை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கிடைத்தது கண்டனம். மொழி அறியாமல், அழைப்பு இல்லாமல், தங்கள் வாழ்க்கை முறையே உயர்ந்தது என்ற எண்ணத்தோடு சென்று ஏழைகள்மீது நன்மையைத் திணிக்க வேண்டாம் என்றார். பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், ஆனால் உதவுவதாக எண்ணிக்கொண்டு வராதீர்கள் என்பது அவ்வுரையின் சாரம். உதவ விரும்பினால் தம் நாட்டு ஏழைகளிடமே செல்லட்டும். அங்கு தவறு செய்தால் அந்த ஏழை முகத்துக்கு நேரே சொல்வான் என்பது அவரது வாதம்.

இவ்வாதத்தை முழுவதும் ஏற்றால் நிவேதிதையும் செரசோலும் எல்ம்ஹர்ஸ்ட்டும் வந்திருக்கவே கூடாது. முழுவதும் தள்ளினாலோ ராட்டினப் பம்புகளும் அனாதை இல்லப் பயணங்களும் தொடரும். அம்மூவரும் அழைப்பைப் பெற்றோ, இம்மண்ணின் தலைவர்களோடு கலந்தோ வந்தனர். வந்து கற்றனர். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இங்குள்ளவர்களிடம் இருந்தது. ஊரார் மறுத்தால் திரும்பிச் செல்லும் மனநிலை இல்லாதவர், உதவி என்ற பெயரில் அதிகாரத்தையே சுமந்து வருகிறார்.

நல்லறிவு: கூடிப் புரிந்துகொள்ளுதல்

ஐந்தாவது நிபந்தனையைக் குறிக்கும் 'ஸம்வித்' என்ற சொல்லுக்கு அறிவு என்றும், இணக்கம் என்றும், நட்பு என்றும் பொருள் கொள்ளலாம். உகந்த இடம், உகந்த காலம், தகுந்த பாத்திரம் அறிந்து கொடுப்பதே சாத்விகக் கொடை என்று கீதை பதினேழாம் அத்தியாயத்தில் கூறுவதும் இதையே. அந்தந்த இடத்தின் உண்மைத் தேவை எது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. உள்ளே இருப்பவரோடு இணங்கி அமர்ந்தால்தான் தெரியும்.

மகாராஷ்டிரத்தின் வரோராவுக்கு அருகே, தொழுநோயாளிகளுக்காகப் பாபா ஆம்டே 1950களின் தொடக்கத்தில் ஆனந்தவனத்தை அமைத்தார். நோயாளிகள் தரிசு நிலத்தைத் திருத்திக் காய்கறி விளைவித்தனர். ஆனால் அச்சத்தால் ஊரார் அவற்றை வாங்க மறுத்தனர். அக்காலத்தில், செரசோல் தொடங்கிய இயக்கத்தைச் சேர்ந்த பல நாட்டு இளைஞர்கள் அங்கு வந்து தங்கிக் கட்டடம் கட்டினர். தொழுநோயாளிகளோடு சேர்ந்து உழைத்தனர். அவர்கள் விளைவித்ததையே உண்டனர். வேடிக்கை பார்க்க வந்த ஊரார் அதைக் கண்டனர். அச்சம் சிறிது சிறிதாகக் கரைந்தது, காய்கறிகள் விலைபோயின. அந்தச் சுவர்களை உள்ளூர்க் கொத்தனார்களும் எழுப்பியிருக்க முடியும். அந்த உணவை அஞ்சாமல் உண்டு காட்டியதே வெளியூர் இளைஞர்களால் மட்டும் கொடுக்க முடிந்த கொடை. ஒவ்வொரு மாணவர் குழுவும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கு பிறக்கிறது. உள்ளூர்த் தொழிலாளி கூலிக்குச் செய்யக்கூடிய வேலையை, விமானச் செலவு செய்து வந்து பறித்துக்கொள்கிறோமா? அல்லது நம் வருகையால் மட்டுமே இயலும் ஒன்று இங்கு உண்டா?

தொண்டு எப்போதும் செல்வ நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்கே பாய வேண்டும் என்ற விதியும் இல்லை. 1960களின் நடுவில் பீகாரைப் பஞ்சம் வாட்டியபோது, டில்லியில் படித்த பங்கர் ராய் என்ற வசதியான வீட்டு இளைஞர் அந்தத் துயரை நேரில் கண்டார். அந்த அனுபவம் அவரது வாழ்க்கையைத் திசை திருப்பியது. 1972-இல் ராஜஸ்தானின் திலோனியா கிராமத்தில் அவர் தொடங்கிய நிறுவனம், வெறுங்கால் கல்லூரி என்று பெயர்பெற்றது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆப்பிரிக்கா முதலிய நாடுகளின் கிராமப் பாட்டிமார்கள் அங்கு வந்து, ஆறு மாதம் தங்கிச் சூரிய விளக்குகளை அமைக்கவும் பழுதுபார்க்கவும் கற்றனர். பலருக்கு எழுத்தறிவு இல்லை. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. வண்ணக் குறிகளாலும் சைகைகளாலும் பாடம் நடந்தது. ஊர் திரும்பிய பாட்டி தன் ஊருக்கு ஒளி ஏற்றினாள். அவள் ஊரை விட்டுப் போகப்போவதும் இல்லை. ஒரு மாணவனின் பஞ்சகால அனுபவம், பட்டம் பெறாத பெண்களையே ஆசான்களாக்கும் பணியாக விரிந்ததை மாணவ உலகம் சிந்திக்க வேண்டும்.

நல்லறிவில், தவறை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் அடங்கும். கனடாவின் எல்லையற்ற பொறியாளர் அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளைத் தொகுத்து அறிக்கையாகவே வெளியிட்டது. வெற்றிக் கதைகளை மட்டும் கேட்டுப் பழகிய சேவை உலகில் அது ஒரு தவம். மாணவர் குழு ஒவ்வொன்றும் திரும்பிய பின், ஓர் ஆண்டு கழித்து அந்த ஊருக்கு எழுதிக் கேட்கலாம். கட்டிய கழிப்பறை பயன்படுகிறதா? நட்ட மரம் பிழைத்ததா? தோண்டிய கிணற்றில் நீர் உண்டா, அது குடிக்கத் தக்கதா? பதில் கசப்பாக இருந்தால், அடுத்து செல்லும் குழுவுக்கு அந்தக் கசப்பே மருந்து.

திரும்பி வந்த பின்

மகாத்மா காந்தியின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று நம் நாட்டில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் 37 பல்கலைக்கழகங்களில், ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு அது பிறந்தது. தன்னை முன்னிறுத்தாமல் பிறரை முன்னிறுத்துவதே அதன் குறிக்கோள். கடல் கடந்து செல்லும் வாய்ப்பு ஒரு சிலருக்கே கிட்டும். வீட்டு வாசலைக் கடந்து அடுத்த தெருவுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் உண்டு. தம் விடுதியில் கழிவறை கழுவும் தொழிலாளியின் பெயர் தெரியாத மாணவர், ஆப்பிரிக்கக் கிராமத்தின் துயரை அறியப் போவதில் பொருள் இல்லை. அதுபோலவே, அயல்நாட்டில் பெற்ற அனுபவம் சொந்த ஊரின் ஏழையிடம் ஒருவரைக் கொண்டு சேர்க்கவில்லை என்றால், அது சுற்றுலாவாகவே முடிந்துவிட்டது.

பயணத்தின் உண்மைப் பலனை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. திரும்பிய மாணவர் தாம் செய்ததைப் பற்றி அதிகம் பேசுகிறாரா, தாம் சந்தித்த மனிதர்களைப் பற்றி அதிகம் பேசுகிறாரா? அந்த ஊரின் வறுமையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறாரா, அவ்வூராரின் அறிவையும் நகைச்சுவையையும் பக்தியையும் நினைவில் வைத்திருக்கிறாரா? முன்னது 'நான்' வளர்ந்ததன் அறிகுறி. பின்னது 'நான்' தேய்ந்ததன் அறிகுறி. கர்மயோகம் வேண்டுவது இரண்டாவதையே. உலகைத் தூக்கி நிறுத்தத் தொண்டு செய்கிறோம் என்று எண்ணுபவர் விரைவில் களைப்படைவார், அல்லது கசப்படைவார். உள்ளம் தூய்மையடையக் கிடைத்த வாய்ப்பு இது என்று எண்ணுபவர், சிறு பணியையும் பூஜையாகச் செய்வார்.

ஜீவர்களுக்கு இரக்கம் காட்ட மனிதன் யார், ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்வதே மனிதனுக்கு உரியது என்பது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் அருளுரை. தட்சிணேஸ்வரத்தில் அதைக் கேட்ட இளம் நரேந்திரன் அதையே தன் வாழ்க்கைப் பணியாக்கினார். இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கிறது. பூஜை கீழிருந்து மேலே பார்க்கிறது. கோயிலுக்குச் செல்பவர் கருவறையில் உள்ள தெய்வத்தைத் திருத்தி அமைக்க முனைவதில்லை. நீராடி, தூய ஆடை உடுத்தி, வாசலில் செருப்பை விட்டு, அர்ச்சகரிடம் முறை கேட்டு, கொண்டு வந்த சிறு மலரைச் சமர்ப்பிக்கிறார். ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறார், பிரசாதம் பெற்றுத் திரும்புகிறார்.

அயல்நாட்டுக் கிராமத்தின் எல்லையில் வந்திறங்கும் மாணவருக்கும் இதுவே முறை. அகந்தை என்ற செருப்பை அங்கேயே விட்டுவிடட்டும். ஊர்ப் பெரியவரிடமும் தாய்மாரிடமும் முறை கேட்கட்டும். தம்மிடம் உள்ள சிறு மலரைச் சிரத்தையோடும், நிறைவோடும், நாணத்தோடும், அச்சத்தோடும், நல்லறிவோடும் வைக்கட்டும். அவர் பெற்றுவரும் பிரசாதம் அவரது சொந்த ஊருக்கும் பங்கிடப்படட்டும். அத்தகைய மாணவர்கள் எந்நாட்டிலிருந்து எந்நாட்டுக்குச் சென்றாலும், அவர்கள் பாதம் பட்ட ஊர் நலம் பெறும். அவர்களை அனுப்பிய ஊரும் நலம் பெறும்.